சத்திரம் கட்டிய ஊரில் ஒரு வாடகை வீடு

பூக்கார அக்கா வீட்டு அலமாரியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் மாடியேறி வந்து, சப் மீட்டரைப் பார்த்து அதில் எழுதிவிட்டுப் போவார். போன சித்திரையில் போயிருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். 120 யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபாய், மொத்தம் 1,080 ரூபாய். வாடகை 6,000. வீட்டில் ஏசி கிடையாது. இரண்டு ஃபேன், பழைய ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கோடைக்கு மட்டும் ஓர் ஏர்கூலர். அவ்வளவுதான்.

"வீட்டுக்குள்ள இருக்கவா முடியுது பாப்பா? ராத்திரி பத்து மணிக்கு இந்தச் செவுத்தத் தொட்டுப் பாரு, தோசை சுட்டு எறக்கின கல்லு மாதிரி இருக்கும்" என்றார்.

அன்று கிளம்பும்போது மணி ஒன்பதரை. தொட்டுப் பார்த்தேன். மேற்குச் சுவர். உள்ளங்கையை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை.

மதுரை வில்லாபுரத்தில் மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது அந்த வீடு. கீழ்ப் போர்ஷன்களைவிட வாடகை ஐந்நூறு ரூபாய் குறைவு என்பதால் அக்கா அதை எடுத்தார். குறைத்துக் கொடுத்த ஐந்நூறை வெக்கை வேறு வழியில் வசூலித்துக்கொள்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய் மல்லி மொட்டு வாங்கி, மேலக்கோபுரத் தெருப் பக்கம் உட்கார்ந்து கட்டி விற்பவர் அவர். மொட்டு மொட்டாக இருக்கும் வரைதான் விலை. சூட்டில் விரிந்துவிட்டால் போயிற்று. மிச்சப் பூவை ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த வீட்டுச் சூட்டில் சாக்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அதனால் ஃபிரிட்ஜில் பாதிக்கு மேல் பூதான். சாம்பார் வெளியே இருக்கும்.

நானும் அக்காவும் ஒரு காலத்தில் பக்கத்து வீடு. தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் காம்பவுண்டு வீடு. எட்டுக் குடும்பம், நடுவில் முற்றம், ஒரு கிணறு, ஒரு துவைகல். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதற்கு மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து கொட்டி அடித்து, கடைசியாகத் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்த கூரை. கொத்தனார்கள் கட்டைகளை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவார்களாம். கத்திரி வெயிலில்கூட மதியம் பட்டாசாலில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அப்போது அதன் அருமை தெரியவில்லை. கட்டட வேலைக்குப் படித்து, நாலு இன்ச் ஆர்சிசி கான்கிரீட் கூரைக்குக் கீழே குடியேறிய பிறகுதான் தெரிந்தது.

2011இல் அந்த இடம் கைமாறியது. இப்போது அங்கே லாட்ஜ். சந்துப் பக்கம் ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. எட்டடிச் சந்துக்குள் அவை துப்பும் சூட்டில் நடந்து போவதே கஷ்டம். விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு இரவுக்கு 1,800 ரூபாய் தரும் அறையை மாதம் 7,000 ரூபாய்க்குக் குடும்பத்துக்கு விடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. ராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று வடக்கிலிருந்து வருபவர்கள் ஆண்டு முழுக்க வருகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு அதற்காகவே வருபவர்களும் உண்டு. இந்த வருகைதான் ஊருக்குச் சோறு. ஆனால் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்குள்ளும் வெளி வீதிகளை ஒட்டியும் குடித்தனத்துக்கு இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக அறைகளாகவும் குடோன்களாகவும் மாறிக்கொண்டே வருகின்றன. லாட்ஜில் படுக்கை விரிக்கும் பெண், பரோட்டா மாஸ்டர், பூ கட்டுபவர், புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரர், இவர்கள் எல்லாரும் ஊரின் ஓரத்துக்கு நகர்ந்து, அங்கே இருப்பதிலேயே மலிவான வீட்டை, அதாவது உச்சி மாடியை எடுக்கிறார்கள்.

ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சிக்கு வந்த ராணி மங்கம்மாளின் பெயரால் நிற்பது. வருகிறவன் தங்குவதற்குப் பொதுப்பணத்தில் கூரை போட வேண்டும் என்று இந்த ஊருக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே தோன்றியிருக்கிறது. வருகிறவனுக்குச் சமைத்துப் போட்டு, பூ கட்டிக் கொடுத்து, அறை கூட்டுகிறவர்களுக்கு அந்த மாதிரி ஒரு கூரையை நாம் இன்னும் போடவில்லை. அரசு வாடகை வீட்டை, கரண்டு அதிகம் தேவைப்படாத குளிர்ந்த வாடகை வீட்டை, ஊருக்கு நடுவிலேயே கட்ட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அரசு வீடே கட்டவில்லையா என்று கேட்பீர்கள். கட்டியிருக்கிறது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இலிருந்து இருக்கிறது. எல்லீஸ் நகரில் அதன் அடுக்ககங்களைப் பார்க்காத மதுரைக்காரர் கிடையாது. 1970இல் வந்த குடிசை மாற்று வாரியம்தான் 2021இலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ராஜாக்கூரில் அதன் குடியிருப்புகள் இருக்கின்றன, ஆனால் ஊருக்கு வெளியே. வாடகைக்கென்று அரசு கட்டிய வீடுகள் பெரும்பாலும் அரசு ஊழியர்களுக்கு. மற்றவர்களுக்கு என்றால் ஒதுக்கீடு, பத்திரம், சொந்த வீடு என்ற வழிதான். சொந்த வீடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு நடுவில் ஒதுக்கீடாகக் கொடுத்த வீடு, பத்து இருபது வருடத்தில் கைமாறி லாட்ஜின் பின்கட்டாகிவிடும். வாடகை வீடு அரசின் கையிலேயே நிற்கும். ஒரு குடும்பம் போனால் அதே மாதிரி இன்னொரு குடும்பம் வரும். ஒன்றிய அரசும் 2020இல் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்ட நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்திலும் வாடகை வீட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆக, வாடகைக்குக் கட்டுவது ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அது இணைப்புக்கு, குடும்பத்துக்கு அல்ல. ஒரே இணைப்பில் நாலு போர்ஷன் ஓடினால் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு 100தான். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் கட்டணப் படியும் ஏறிவிடும். அதனால்தான் வீட்டுக்காரர்கள் 9, 10 என்று ஒரே விலை வைக்கிறார்கள். அக்கா வீட்டு 120 யூனிட் தனி இணைப்பில் ஓடியிருந்தால் அவர் கட்டியதில் பாதிகூட வந்திருக்காது.

ஒரு சாதாரண ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. இலவச யூனிட் முழுவதையும் ஃபேனே தின்றுவிடுகிறது. கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். இரண்டுக்கும் சேர்த்து 43 யூனிட்தான். மணிக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை இழுக்கும் சின்ன ஏசியை இரவு எட்டு மணி நேரம் போட்டால், இரண்டு மாதத்தில் 360லிருந்து 480 யூனிட். உச்சி மாடியில் குடியிருப்பவர் கடன் வாங்கியாவது ஏசி மாட்டிவிட்டால், அந்தக் கரண்டு பில் இரண்டாவது வாடகையாகிவிடும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கூரையைக் குளிர்விக்கச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். அதனால் மிச்சமாகும் பணம் குடியிருப்பவருக்கு. அவர் எதற்குச் செய்வார்? குடியிருப்பவரும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் கூரைக்குச் செலவு செய்ய மாட்டார். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. கூரைச் சூட்டை அது பேசவில்லை, பேசவும் முடியாது. ஐம்பது வருடத்துக்கு வீட்டைக் கையில் வைத்திருக்கப்போகிற ஓர் உரிமையாளருக்குத்தான், இன்றைக்குக் கூரையில் போடுகிற பணம் வீண் இல்லை என்று கணக்கு வரும். அப்படி ஓர் உரிமையாளர் அரசு மட்டும்தான்.

ஏன் கூரை கூரை என்று சொல்கிறேன்? மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஆவணியில் இன்னொரு தடவை. அந்த உச்சி வெயில் முழுவதையும் வாங்குவது மொட்டை மாடிதான். சுவரில், மேற்கும் கிழக்கும் சாய்ந்த வெயிலை வாங்கும். தெற்குக்கும் வடக்குக்கும் ஒரு ரெண்டடி சன்ஷேடு போதும். நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கட்டடத்தைப் படுக்கப்போட்டு, மேற்கில் படிக்கட்டையும் குளியலறையையும் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை. வரைபடத்தைத் திருப்பிப்போட வேண்டும், அவ்வளவுதான். வெறும் கான்கிரீட் கூரை மதியம் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் வைத்திருந்து, நாம் படுக்கப்போகும் நேரத்தில் உள்ளே இறக்கும். அக்கா சொன்ன பத்து மணிச் சுவரும் அதே கதைதான்.

அதற்கு வழி நமக்குப் புதிது இல்லை. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேலே தட்டோடு. இப்போது அதை வெதரிங் கோர்ஸ் என்கிறோம். அதன் மேல் வெள்ளை. புதிதாக அடித்த வெள்ளை, வெயிலில் பத்துக்கு ஏழு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் கான்கிரீட் இரண்டு மூன்று பங்கைத்தான் அனுப்பும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரையும், ஆகவே வருடா வருடம் மாசி பங்குனியில் அடிக்க வேண்டும். வெள்ளை டைல்ஸ் பதித்தால் கூட்டிக் கழுவினால் போதும்.

எட்டு வருடத்துக்கு முன்பு நான் மேற்பார்வை பார்த்த ஒரு வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்டிமேட்டில் மூன்று இன்ச் செங்கல் ஜல்லி இருந்தது. ஒப்பந்தக்காரர் அதை ஒன்றரை இன்ச்சில் முடித்து, மேலே ஓடு பதித்துவிட்டார். நான் போய்ப் பார்க்கும்போது ஓடு காய்ந்திருந்தது. உடைத்துக் காட்டச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை, அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உச்சி மாடியில் இருபத்து நாலு குடும்பம். இப்போதும் பங்குனி வந்தால் அந்தக் கட்டடம் ஞாபகம் வரும். குளிர்ந்த வீட்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டும் என்று யாராவது பேசினால், ஓடு பதிக்கும் முன்னால் ஜல்லியின் கனத்தை அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஜன்னல். எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று 2018இல் ஒன்றிய அரசு வீடுகளுக்கான ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. புழுக்கமான பகுதிகளில், வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. 400 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 67 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் 16 சதுர அடி, ஆக முழுசாகத் திறக்கும் கதவு ஜன்னல் நாலுக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். இப்போது எல்லாரும் போடும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். அப்படியானால் குறைந்தது எட்டு! எட்டு ஜன்னல் வைக்க 400 சதுர அடி வீட்டில் சுவர் ஏது? பழைய மரக்கதவு ஜன்னல், அதற்கு மேல் ஒரு வெண்டிலேட்டர், அதுதான் சரி.

ஜன்னலை வைத்துவிட்டால் திறப்பார்களா என்பது வேறு. வராண்டாப் பக்கம் இருக்கும் ஜன்னலை எந்தப் பெண்ணும் இரவில் திறந்து வைக்க மாட்டாள். கொசு வேறு. திறக்காத ஜன்னல் இருப்பதும் இல்லாததும் ஒன்று. ராஜ்கோட்டில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தின் உதவியோடு 1,176 வீடுகள் கட்டினார்கள், ஸ்மார்ட் கர் 3 என்று பெயர். ஏழைகளுக்கான வீடுகள். அங்கே ஜன்னலில் கண்ணாடியைக் குறைத்து, மீதியை மறைப்புப் பலகையாக்கி, முழுசும் திறக்கிற மாதிரி செய்தார்கள். குளியலறைக் குழாய்கள் போகும் வெற்றுக்குழியை, வீட்டுக்குள்ளிருக்கும் சூடான காற்றை மேலே இழுக்கும் வழியாகவும் பயன்படுத்தினார்கள். அந்த வரைபடத்தை ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்தபோது எனக்கு எங்கள் காம்பவுண்டின் முற்றம்தான் நினைவுக்கு வந்தது. முற்றம் செய்ததும் அதே வேலைதான்.

அதே வகுப்பில் இன்னொன்றும் காட்டினார்கள். மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான ஃபோர்மென்டேரா என்ற சின்னத் தீவு. கோடையில் சுற்றுலாக் கூட்டம் தாங்காது. அங்கேயே வேலை செய்பவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. அந்தப் பகுதி அரசின் வீட்டுவசதி நிறுவனம் சான்ட் ஃபெர்ரன் ஊரில் 14 வாடகை வீடுகளைக் கட்டி 2017இல் முடித்தது. கூரையில் சூடு இறங்காமல் இருக்க அவர்கள் போட்டது பொசிடோனியா என்ற கடற்புல். கரையில் ஒதுங்குவதை அள்ளி வெயிலில் காயவைத்தது. புல்லில் இருக்கும் உப்பே பூச்சி வராமல் காக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் பழைய வீடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த பொருள்தான் அது. அதை மறுபடி எடுத்து, அளந்து, கணக்கு எழுதி, அரசு வீட்டில் போட்டிருக்கிறார்கள். நமக்குக் கடற்புல் கிடையாது. ஆனால் ஊருக்குள் காளவாசல், அதாவது சூளை, என்ற பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது. செங்கல் சூளை வைத்திருந்த ஊருக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்சிலோனாவில் 2028 நவம்பருக்குப் பிறகு சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களையே புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024இல் அறிவித்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த வழி மதுரைக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். வருகிறவர்களைத் தடுத்தால் முதலில் பட்டினி கிடப்பது அக்காவாகத்தான் இருக்கும்.

இடம் எங்கே என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. அதாவது தரைத்தளமும் இரண்டு மாடியும். பலரும் இதைத் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது அளவு எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. மூன்று தளத்துக்கு லிஃப்ட் வேண்டாம், பொதுக் கரண்டுச் செலவு குறையும். பத்து சென்ட் இடம் கிடைத்தால், தளத்துக்கு ஐந்து வீடு, ஒவ்வொன்றும் 400 சதுர அடி, பதினைந்து குடும்பம். கட்டடம் போக நடுவில் ஒரு முற்றத்துக்கும் இடம் மிஞ்சும். ஆயிரம் வீடு ஒரே இடத்தில் கட்ட வேண்டும் என்று தேடினால் ராஜாக்கூருக்குத்தான் போக வேண்டும். பதினைந்து பதினைந்தாகக் கட்டினால் வெளி வீதிகளை ஒட்டியே கட்டலாம். ஆனால் மூன்று தளம் என்றால் மூன்றில் ஒரு குடும்பம் உச்சி மாடியில் இருக்கும். பத்து மாடிக் கட்டடத்தில் பத்தில் ஒன்றுதான். அதனால்தான் இங்கே கூரைக் காசில் கை வைக்கவே கூடாது. கூரைக்கு மேல் சோலார் பலகை வைத்தால் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஆகும், நிழலும் விழும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு, தனி மீட்டர். இது பேரம் பேசக்கூடாத விஷயம்.

கட்டிய பிறகு? வாடகை குறைவாக இருந்தாலும் அதில் ஒரு பங்கைக் கூரைக்கும் குழாய்க்கும் என்று தனிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்தின் பணத்தை அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். எந்த மாதம் வெள்ளை அடித்தார்கள் என்று படிக்கட்டுச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். குடிநீர்த் தொட்டியில் கழுவிய தேதி எழுதுகிற மாதிரி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பத்து சென்ட்டுக்கு ஒரு வரைபடம் போட்டேன். எந்த அலுவலகமும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். போன வாரம் மேலக்கோபுரத் தெருவுக்கு எடுத்துப்போய் அக்காவிடம் காட்டினேன். கையில் நாரோடு, மடியில் மொட்டோடு குனிந்து பார்த்தார். முற்றத்தை விரலால் தொட்டார்.

"இங்கிட்டுக் கிணறா?"

"இல்லக்கா, மழைத்தண்ணித் தொட்டி. மேல மூடி இருக்கும்."

"அது பக்கத்துலயே வடக்கால ஒரு தாழ்வாரம் எறக்கிரு பாப்பா. சாயங்காலம் நாலஞ்சு பேரு ஒக்காந்து பூக்கட்டலாம். சாக்கும் காயாது."

படத்தில் வடக்குப் பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் அதை அழித்தேன்.

"வாடகை எம்புட்டுப் போடுவாக?"

"மூவாயிரம்னு வச்சிருக்கேன். கரண்டு தனி மீட்டரு, நீங்களே கட்டிக்கிடலாம்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முழம் கட்டி முடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்புறம் படத்தைத் திருப்பி வைத்து, "இதுல நம்ம வீடு எது?" என்று கேட்டார்.